தெரு யார் பக்கம்?

1908-இல் பிரான்ஸில் லூயி என்றொரு பையன் பிறந்தான். அப்பா ஜூல் ரோன்ஜா பிரெஞ்சுக்காரர், மொழியியல் அறிஞர். அம்மா ஜெர்மன்காரர். பிள்ளையோடு எந்த மொழியில் பேசுவது என்ற கேள்வி அந்த வீட்டிலும் எழுந்தது. ரோன்ஜா இன்னொரு மொழியறிஞரான மோரிஸ் கிராமோனிடம் யோசனை கேட்டார். வந்த பதில் சுருக்கமானது. பையனை உட்காரவைத்து எதையும் கற்றுத்தர வேண்டாம், சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டிருந்தால் போதும்; ஆனால் அப்பா எப்போதும் ஒரு மொழி, அம்மா எப்போதும் ஒரு மொழி, மாற்றிப் பேசக் கூடாது. ரோன்ஜா அதை விரதம்போலக் கடைப்பிடித்தார். மகன் பேசியதைக் குறித்துவைத்து 1913-இல் புத்தகமாகவும் வெளியிட்டார். லூயிக்கு இரண்டு மொழியும் நன்றாகவே வாய்த்தன. வேறு வேறு மொழி பேசும் கணவன் மனைவிக்கு இன்றைக்கும் சொல்லப்படுகிற அறிவுரைக்கு அந்த ஒரு வீடுதான் மூலம். ‘ஆளுக்கொரு மொழி’ என்று அதைச் சுருக்கலாம். குழந்தை மருத்துவரும் சொல்கிறார், பள்ளி ஆசிரியையும் சொல்கிறார். சொல்கிறவர்களில் பலருக்கு ரோன்ஜா யாரென்றே தெரியாது.

இதே விதியை 1930களில் அமெரிக்காவில் ஒருவர் கையாண்டார். வெர்னர் லியோபோல்டு ஜெர்மன் பேசி வளர்ந்து அமெரிக்காவில் குடியேறியவர். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர். மனைவி அமெரிக்கர். 1930-இல் பிறந்த மகள் ஹில்டகார்டிடம் அவர் ஜெர்மனில் பேசினார், அம்மா ஆங்கிலத்தில் பேசினார். அவரும் சளைக்காத மனிதர். அந்தப் பெண்ணின் பேச்சை 1939 முதல் 1949 வரை நான்கு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். ஆனால் அவற்றில் விரிகிற கதை வேறு. பெண் வளர வளர ஆங்கிலத்தின் கை ஓங்குகிறது. அப்பா சொல்கிற ஜெர்மன் புரிகிறது, வாயில் வருவதோ ஆங்கிலம். ஐந்து வயதையொட்டிக் குடும்பம் ஜெர்மனிக்குப் போய்ச் சில மாதங்கள் தங்கியது. சில வாரங்களிலேயே எல்லாம் தலைகீழ். ஜெர்மன் சரளமாக வந்தது. எளிய ஆங்கில வாக்கியத்துக்குக்கூட அவள் திணறினாள். அமெரிக்காவுக்குத் திரும்பினார்கள். ஆங்கிலம் மறுபடி மேலே வந்து உட்கார்ந்துகொண்டது.

இதில் அப்பா மாறவில்லை, அம்மா மாறவில்லை, விதியும் மாறவில்லை. மாறியது தெரு. இரு மொழி வீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே கணக்குப் போட்டு முடித்துவிடுகிறார்கள். அம்மாவுக்குப் பாதி, அப்பாவுக்குப் பாதி, தராசு சமம். ஆனால் பிள்ளை வாசலைத் தாண்டியதும் ஒரு தட்டில் தெரு ஏறிக்கொள்கிறது. பள்ளி வேன் ஓட்டுநர், பக்கத்து வீட்டுப் பையன், கார்ட்டூன், விளையாட்டுத் திடல், கடைக்காரர் எல்லாரும் ஒரே பக்கம். மற்றத் தட்டில் ஒற்றை ஆள். ஆகவே வீட்டில் சரிபாதி என்பது நியாயமான பங்கீடுபோலத் தோன்றினாலும், தெருவில் ஆதரவில்லாத மொழிக்கு அது பாதிக்கும் மிகக் குறைந்த பங்குதான். கலப்புக் குடும்பத்தில் வீடு நடுநிலை வகிக்கக் கூடாது, சின்ன மொழியின் பக்கம் சாய வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். சின்ன மொழி என்று நான் சொல்வது உலகக் கணக்கில் அல்ல. பெங்களூரில் தமிழ் சின்ன மொழி. மதுரையில் வளரும் குழந்தைக்கு அம்மா பேசும் வங்காளம் சின்ன மொழி.

இதற்கு எண்கள் உண்டு. பெல்ஜியத்தில் டச்சு பேசும் பகுதியான பிளாண்டர்ஸில், வீட்டில் டச்சோடு இன்னொரு மொழியோ வேறு மொழி மட்டுமோ பேசும் 1,899 குடும்பங்களை அனிக் டி ஹவர் என்ற ஆய்வாளர் கணக்கெடுத்து 2007-இல் வெளியிட்டார். பிள்ளைகள் டச்சு பேசினார்கள்; அதில் சிக்கலே இல்லை, தெரு பார்த்துக்கொண்டது. இன்னொரு மொழி? கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு வீடுகளில் பிள்ளைகள் அதைப் பேசவில்லை. பெற்றோர் இருவரும் வீட்டில் சின்ன மொழியையே பேசிய குடும்பங்களில் நூற்றுக்கு 97 வீடுகளில் பிள்ளைகளில் ஒருவராவது அதைப் பேசினார். இருவரும் அதைப் பேசி, ஒருவர் மட்டும் கூடவே டச்சும் பேசிய வீடுகளில் 93. ஒருவர் டச்சு, மற்றவர் வேறு மொழி என்று கறாராகப் பிரித்துக்கொண்ட, அதாவது ரோன்ஜா வழி நடந்த வீடுகளில் 74. ஒருவர் டச்சு மட்டும் பேச, மற்றவர் இரண்டையும் கலந்து பேசிய வீடுகளில் 36. இவற்றுக்கு நடுவே ஒரு வேடிக்கையான எண் இருக்கிறது. இருவருமே இரண்டு மொழியையும் கலந்துகட்டிப் பேசிய வீடுகளில் 79. கறாரான வீடுகளைவிட ஐந்து கூடுதல். ‘ஆளுக்கொரு மொழி’ என்பதை வேதவாக்காக நினைப்பவர்கள் இந்த எண்ணுக்கு முன் கொஞ்சம் நிற்க வேண்டும்.

கணக்கெடுப்பு காரணத்தை நிரூபிக்காது என்று ஒருவர் மறுக்கலாம், சரியான மறுப்புத்தான். பெற்றோர் இருவரும் சின்ன மொழி பேசும் வீட்டில் அந்த மொழி பேசும் உறவினரும் அதிகம் வருவார்கள், ஊர்ப் பயணமும் இருக்கும், பாசமும் கூடுதலாக இருக்கலாம். ஆனால் அந்த மறுப்பும் என் வாதத்துக்குத்தான் வலுச்சேர்க்கிறது. உறவினரும் பயணமும் சேர்ந்து தட்டைக் கீழே இழுக்கின்றன என்றால், எடை முக்கியம் என்றுதானே பொருள்? வேல்ஸிலும் இதே கதை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி, தம்பதியர் இருவருக்கும் வெல்ஷ் தெரிந்த வீடுகளில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளில் 82 விழுக்காட்டினர் வெல்ஷ் பேசினர். ஒருவருக்கு மட்டும் தெரிந்த வீடுகளில் 45. பெல்ஜியம் வேறு, வேல்ஸ் வேறு, கேட்ட கேள்விகளும் வேறு. சரிவு மட்டும் ஒரே திசையில் இருக்கிறது.

ஏன் இப்படி? மூன்று வயதுப் பிள்ளையை மொழிப் பற்றாளராக நினைப்பது பெரியவர்களின் தவறு. அது தேவை பார்த்துச் செலவுசெய்யும் ஆள். அம்மாவுக்குக் கன்னடம் புரியும் என்று தெரிந்துவிட்டால், தமிழில் சொல்ல அதற்கு ஒரு முகாந்திரமும் இல்லை. நார்வேயில் அமெரிக்கத் தாயும் நார்வேத் தந்தையும் கொண்ட வீடுகளின் பேச்சை எலிசபெத் லான்ஸா பதிவுசெய்து 1997-இல் நூலாக்கினார். பிள்ளை மாற்று மொழியில் ஏதாவது கேட்டால் பெற்றோர் எப்படிப் பதில் கொடுக்கிறார்கள் என்பதை அவர் ஐந்து படிகளாக வரிசைப்படுத்தினார். அதை நம் பெங்களூர் வீடு ஒன்றில் வைத்துப் பார்க்கலாம். பையன் தமிழ் அம்மாவிடம் வந்து “நீரு பேக்கு” என்கிறான். “என்ன கண்ணு கேட்ட? அம்மாவுக்குப் புரியலையே” என்பது முதல் படி. “தண்ணி வேணுமா?” என்பது இரண்டாவது. “தண்ணி குடிக்கணும் உனக்கு” என்று அவன் சொன்னதைத் தமிழில் திருப்பிச் சொல்வது மூன்றாவது. பேசாமல் தண்ணீரை ஊற்றிக் கொடுப்பது நான்காவது. அம்மாவும் கன்னடத்துக்கே தாவிவிடுவது ஐந்தாவது. மேல் படிகளில் தமிழுக்கு வேலை இருக்கிறது. கீழே வர வர வேலை குறைகிறது. லான்ஸா பார்த்த ஒரு வீட்டில் தாய் மேல் படிகளிலேயே நின்றார். அவர் பிள்ளை அவரிடம் நார்வே மொழியை அளவாகவே கலந்தது. புரியாததுபோல் நடிப்பது பிஞ்சை ஏமாற்றுவதாகாதா என்று கேட்பார்கள். பிள்ளை அவ்வளவு எளிதில் ஏமாறாது, அம்மா அப்பாவோடு என்ன மொழியில் பேசுகிறாள் என்று அதற்குத் தெரியும். அழுகிற பிள்ளையிடமும் காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையிடமும் இந்த ஆட்டம் வேண்டாம். மற்ற நேரங்களில் இரண்டாம் படியே போதும்: ஊகித்துக் கேட்பதுபோல் கேட்டு, சரியான சொல்லைக் கையில் கொடுத்துவிடலாம்.

எதிர்ப்புகளில் பழையது, குழந்தை குழம்பிவிடும் என்பது. இதற்கு ஒரு காலத்தில் கல்வி உலகமே சாட்சி சொன்னது. 1923-இல் டி. ஜே. சேயர் என்பவர் வேல்ஸ் பிள்ளைகளைச் சோதித்து, கிராமப்புறத்து இருமொழிப் பிள்ளைகள் மதிப்பெண்ணில் பின்தங்கியதாக எழுதினார். அப்படிப்பட்ட ஆய்வுகளில் பல, வறுமையையும் வாய்ப்புக் குறைவையும் மொழியின் கணக்கில் எழுதிவிட்டவை. 1962-இல் மாண்ட்ரியாலில் பீலும் லாம்பெர்ட்டும் குடும்ப வசதியை ஒப்பிட்டுச் சமன்செய்து பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது இருமொழிப் பிள்ளைகள் முந்தினார்கள். குழப்பம் பற்றி அதே நகரத்தில் ஃபிரெட் ஜெனிசி குழுவினர் நேரடியாகவே பார்த்தனர். ஏறக்குறைய இரண்டு வயதில், இன்னும் முழு வாக்கியம்கூட அமையாத பருவத்தில், பிரெஞ்சு–ஆங்கில வீட்டுப் பிள்ளைகள் அம்மாவிடம் அம்மா மொழியையும் அப்பாவிடம் அப்பா மொழியையும் கூடுதலாகப் பயன்படுத்தினார்கள். பேச்சில் கலப்பு இருந்தது. ஆள் பார்த்துக் கலந்தார்கள். சொல்வளம் குறைவு என்ற கவலைக்கு மயாமி நகர ஸ்பானிய–ஆங்கிலக் குழந்தைகள்மீது 1993-இல் வந்த ஆய்வு நல்ல பதில். ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் குறைவாகத் தெரியும்; இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஒரு மொழிப் பிள்ளைகளோடு ஒப்பிடும்படியே இருக்கும். இரண்டு உண்டியலில் காசு போடுகிற பிள்ளையின் ஒரு உண்டியலை மட்டும் உடைத்துப் பார்த்து ஏழை என்று சொல்வது என்ன நியாயம்?

இதன் மறுகோடியில் நிற்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இரு மொழி மூளைக்கு டானிக், கவனம் கூர்மையாகும், முதுமையில் மறதி தள்ளிப்போகும் என்று விற்கிறார்கள். டொராண்டோவின் எலன் பியாலிஸ்டாக் முதலானோரின் ஆய்வுகள் அந்தத் திசையில் பேசியது உண்மை. ஹைதராபாத்தில் 648 மறதிநோயாளிகளைப் பார்த்த 2013 ஆய்வு, இருமொழிக்காரர்களுக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாக வந்ததாகச் சொன்னதும் உண்மை. ஆனால் கவனக் கூர்மை பற்றிய சோதனைகளைத் திரும்பச் செய்த பலருக்கு அந்த வேறுபாடு கிடைக்கவில்லை. சர்ச்சை இன்னும் ஓயவில்லை. பாட்டியோடு பேசுவதற்குப் பாட்டியே போதுமான காரணம். மூளைக்கு நல்லது என்று சொல்லி அழைத்துவந்த மொழியை, நாளைக்கு மூளைக்கு நல்லதில்லை என்று ஒருவர் எழுதினால் வெளியே அனுப்ப வேண்டியிருக்கும்.

கனமான எதிர்ப்பு சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. அம்மாவும் பிள்ளையும் தமிழில் பேசிச் சிரிக்கிறார்கள். தமிழ் தெரியாத அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். தன் வீட்டிலேயே விருந்தாளி. அவர் பெற்றோர் வந்திருந்தால் இன்னும் சங்கடம்: மருமகள் நம்மைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறாளோ? இதை நாகரிகக் குறைவு என்று அவர் நினைத்தால் அவரைக் குறுகிய மனக்காரர் என்று சொல்லிவிட முடியாது. பல வீடுகளில் சின்ன மொழி தோற்பது இந்த மேசையில்தான்; கொள்கையில் தோற்பதில்லை, கூச்சத்தில் தோற்கிறது. டி ஹவரின் இரண்டாவது எண், அந்த 93, இங்கே கைகொடுக்கிறது. ஒருவர் பெரிய மொழியையும் பேசிக்கொண்டே சின்ன மொழியிலும் பங்கெடுத்த வீடுகள் அவை. அப்பா இலக்கணம் படிக்க வேண்டியதில்லை. “சாப்பிட்டியா, தூக்கம் வருதா, செருப்ப எங்க விட்ட” என்ற அளவுக்குக் காதில் விழுந்தால், மேசையில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது, தமிழ் ஒதுங்கவும் தேவைப்படாது. பிள்ளையோடு சேர்ந்து பிள்ளையின் வேகத்தில் கற்றுக்கொள்ளப் பெரியவருக்குக் கிடைக்கிற வாய்ப்பு வேறெப்போதும் கிடைக்காது. வேல்ஸ் அரசு வெல்ஷ் தெரியாத பெற்றோரையும் கைக்குழந்தைகளோடு பாட்டுக்கும் விளையாட்டுக்கும் அழைப்பது இதைப் புரிந்துகொண்டதால்தான்.

வீடு சாய வேண்டும் என்று எழுதுவது எளிது. யார் சாய்க்கிறார்கள்? ஆங்கிலேயரை மணந்து பிரிட்டனில் வாழும் ஜப்பானியத் தாய்மாரை ஆராய்ந்த தோஷியே ஒகிடா, 2002-இல் வெளியிட்ட நூலுக்கு ‘கண்ணுக்குத் தெரியாத உழைப்பு’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார். மொழியைக் காப்பது என்று பொதுவாகச் சொல்கிறோம். நடைமுறையில் அது ஒரு பெண் நாள் முழுக்கச் செய்கிற வேலை. புத்தகம் தேடுவது, கதை சொல்வது, சனிக்கிழமை வகுப்புக்குக் கூட்டிப்போவது, பதில் வராத மொழியில் விடாமல் பேசுவது எல்லாம் அவள் தலையில். அந்நிய நாட்டில் தனிமை, பிள்ளையின் பள்ளி எதிர்பார்ப்பு, கணவர் வீட்டாரின் முகக்குறிப்பு இவற்றோடு சேர்ந்து அது சுமையாகிறது. பிள்ளைக்கு மொழி வராவிட்டால் பழியும் அவளுக்கே. ‘அம்மாவே தமிழில் பேசலேன்னா வேற யார் பேசுவா’ என்று நம் ஊரில் கேட்பார்கள். தாய்மொழி என்ற சொல்லே ஒரு வேலைப் பிரிவினைபோல ஆகிவிட்டது. ஆகவே நான் சொல்கிற சாய்வு ஒருவர்மீது ஏற்றப்படும் பாரமானால் அதை ஆதரிக்க மாட்டேன். சின்ன மொழிக்காரர் பேசட்டும். புத்தகம் வாங்குவது, வகுப்புக்குக் கூட்டிப்போவது, தாத்தா பாட்டியை அழைத்து வந்து இரண்டு மாதம் வைத்துக்கொள்வது, ஊருக்கு டிக்கெட் எடுப்பது ஆகியவை மற்றவரின் பொறுப்பாக இருக்கட்டும். அவற்றைச் செய்ய அந்த மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பள்ளியில் கற்றுக்கொள்ளட்டுமே என்பவர்களுக்குச் சிங்கப்பூரைக் காட்டலாம். தமிழுக்கு அங்கே இருக்கிற ஏற்பாடு வேறெந்தப் புலம்பெயர் நாட்டிலும் கிடைப்பது அரிது: ஆட்சிமொழி, நாளிதழ், வானொலி, ஏப்ரல் தோறும் மொழி விழா, பள்ளியில் தாய்மொழிப் பாடம். ஆனால் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் வீட்டில் அதிகம் பேசும் மொழியாகத் தமிழைச் சொன்னவர்கள் 2010-இல் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5. ஆங்கிலத்தைச் சொன்னவர்கள் அதே பத்தாண்டில் 32.3-லிருந்து 48.3-க்கு ஏறினார்கள். பள்ளி எழுத்தைத் தரும், தேர்வைத் தரும். தூக்கக் கலக்கத்தில் வாயில் வருகிற மொழியைத் தராது. சீனம் பேசும் ஒருவரும் தமிழ் பேசும் ஒருவரும் மணந்துகொண்டால் இருவருக்கும் பொதுவான ஆங்கிலம் வீட்டுமொழியாவது இயல்பு. நம் ஊர் மென்பொருள் நகரங்களிலும் அதுவேதான் நடக்கிறது. தமிழ்ப் பெண், மராத்திப் பையன், பெங்களூரில் குடித்தனம், அவர்களுக்குள் ஆங்கிலம். இங்கே இரண்டு சின்ன மொழிகள் நிற்கின்றன, இரண்டும் தெருவில் இல்லை, கணவன் மனைவிக்குள்ளும் இல்லை. இப்படிப்பட்ட வீட்டுக்கு என் வாதம் முழுமையாகப் பொருந்தாது என்று ஒப்புக்கொள்கிறேன். ஒரே வீடு இரண்டு பக்கம் சாய முடியாது. இரு தாய்மொழியும் ஆளுக்கொன்றாக நடக்கலாம்; அந்த இடத்தில் ரோன்ஜா விதிதான் கிடைக்கிற சிறந்த வழி. ஆனால் இருவரும் பிள்ளையோடும் ஆங்கிலத்தில் பேசுவதற்கு ஒரு காரணமும் இல்லை. அதைப் பள்ளி கொடுக்கப்போகிறது, கேட்காமலே.

திரையை நம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் ஒரு ஆறுதலும் உண்டு. சியாட்டிலில் பட்ரீஷியா கூல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு அமர்வுகள் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். முடிவு 2003-இல் வெளிவந்தது. ஆள் நேரில் உட்கார்ந்து விளையாடிய குழந்தைகள் சீனத்துக்கே உரிய ஒலி வேறுபாட்டைப் பிரித்தறிந்தார்கள். அதே ஆள், அதே பேச்சு திரையில் ஓடியபோது ஒன்றும் ஏறவில்லை. ஆகவே தமிழ்க் குழந்தைப்பாட்டு காணொளியைப் போட்டுவிட்டுச் சமைக்கப் போவது மொழிக்குப் பெரிதாக உதவாது. ஆறுதல் என்னவென்றால், 2014-இல் வேறொரு குழுவினர், இரண்டு வயதையொட்டிய பிள்ளைகள் நேரடிக் காணொளி அழைப்பில் புதுச்சொற்களைக் கற்றதைக் கண்டார்கள். பதிவுசெய்த காணொளியில் அது நடக்கவில்லை. திண்டுக்கல்லிலிருந்து வீடியோ காலில் வருகிற பாட்டி “பல்லக் காட்டு பாக்கலாம்” என்று கேட்டு, காட்டியதும் சிரிக்கிறார் அல்லவா, வேறுபாடு அங்கேதான்.

கடைசியாக, பெரியவனானதும் தானே கற்றுக்கொள்வான் என்ற சமாதானம். கற்கலாம், பலர் கற்கிறார்கள், சின்ன வயதில் காதில் விழுந்தது ஒலிப்புக்கு உதவவும் செய்யும். மாண்ட்ரியாலில் 2014-இல் ஒரு ஆய்வு வந்தது. சீனாவில் பிறந்து, ஏறக்குறைய ஒரு வயதில் பிரெஞ்சு பேசும் குடும்பங்களுக்குத் தத்துவந்த பெண்பிள்ளைகளை ஒன்பது முதல் பதினேழு வயதில் சோதித்தார்கள். பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்தவர்கள். சீனத் தொனிகளைக் கேட்கவைத்து மூளையைப் படம்பிடித்தபோது, அது சீனமும் பிரெஞ்சும் பேசும் பிள்ளைகளின் மூளையைப்போலவே இயங்கியது. பிரெஞ்சு மட்டும் அறிந்த பிள்ளைகளின் மூளையைப்போல இல்லை. முதல் ஆண்டில் கேட்டது அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே இருந்தது. அந்தப் பெண்களுக்கோ சீனத்தில் எதற்கும் பொருள் தெரியாது.